நன்றாக இருக்கும்போது சாப்பிட வேண்டிய மாத்திரை

(புனே உறுப்பினர்கள் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் எனக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள். அதனால் நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு வியாதியையும், அதற்குச் சாப்பிட வேண்டிய மருந்தையும் எடுத்துக்கொண்டேன். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மத்திய அரசில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். ஆனால் இந்த வியாதி இருபது வருஷங்களுக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால், டாக்டர் சொல்வதை வீட்டாருக்குப் புரிய வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்தில் பேசுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் காரியம், அதில் நான் தலையிட மாட்டேன்.

வியாதியின் பெயர் வில்சன் நோய். 1912-ல் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற நரம்பு மருத்துவர் இதை விவரமாக எழுதினார், அதனால் அந்தப் பெயர். விஷயம் வேறொன்றுமில்லை, தாமிரம். நாம் பூஜைக்கு வைத்துக்கொள்கிறோமே, அதே செம்புதான். வளர்ந்த மனிதனின் உடம்பு முழுவதிலும் இருக்கும் தாமிரம் சுமார் 100 மில்லிகிராம். சின்ன வயதில் நாம் மிட்டாய் வாங்கிய காலணாவின் எடையில் ஏறக்குறைய 50-ல் ஒரு பங்கு. அந்தத் துளியும் இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது, நரம்பு வேலை செய்யாது. தினமும் சாப்பாட்டில் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தாமிரம் வருகிறது. அந்த மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளிவிடுகிறது. இந்த வேலைக்காகக் கல்லீரலில் ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவுக்கு ஏ.டி.பி.7பி என்று பெயர். 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள்.

அந்த மரபணு பிறவியிலேயே பழுதாக இருந்தால் மிச்சத் தாமிரம் வெளியே போக வழியில்லை. முதலில் கல்லீரலில் சேரும். அது நிரம்பியதும் ரத்தத்தில் கசிந்து மூளைக்குப் போகும், கண்ணின் கருவிழி ஓரத்தில் படியும். வீட்டுத் தொட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்ட மாதிரிதான். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது யாருக்கும் தெரியாது. கூடம் நனையும்போதுதான் தெரியும். அதற்குப் பத்து வருஷமும் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம்.

எங்கள் வீட்டில் நனைந்தது 2004-ல். என் அண்ணாவின் பேரனுக்கு அப்போது 14 வயது. முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த பையனின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் அசட்டை என்றார்கள். பேச்சு குழற ஆரம்பித்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும். மனநல மருத்துவரிடம் கொஞ்ச நாள், நரம்புக்கு டானிக் கொஞ்ச நாள், திருஷ்டி கழித்தது கொஞ்ச நாள் என்று ஏறக்குறைய ஒன்றரை வருஷம் போயிற்று. கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு கண் டாக்டர். கண்ணாடி போடலாமா என்று பார்க்கப் போன இடத்தில், ஸ்லிட் லேம்ப் கருவியில் கருவிழியைச் சுற்றி பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் தெரிந்தது. கைசர், ஃப்ளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் 1902, 1903-ல் எழுதிய அதே வளையம். பிறகு ரத்தத்தில் செரூலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் என்று பரிசோதனைகள் நடந்து, வியாதி உறுதியாயிற்று.

இது அபூர்வ வியாதிதான். பொதுவாக 30,000 பேரில் ஒருவருக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் நம் தேசத்து ஜனத்தொகைக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் முப்பது வருஷ காலத்தில் தாங்கள் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். அது ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் கணக்கு.

இனி மருந்துக்கு வருகிறேன். 1950 வரை இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது, வந்தால் மரணம்தான். பிறகு, விஷவாயு ஒன்றுக்கு முறிவாகத் தயாரித்த பி.ஏ.எல். என்ற ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பயங்கர வலி, தொடர்ந்து போட முடியாது. அந்தச் சமயத்தில் ஜான் வால்ஷ் என்ற இளம் ஆங்கில மருத்துவர் பாஸ்டனில் வேலை பார்க்கப் போனார். லண்டனில் இருந்தபோது, பென்சிலின் சாப்பிட்ட ஒரு கல்லீரல் நோயாளியின் சிறுநீரில் பெனிசிலமைன் என்ற பொருளை அவர் பார்த்திருந்தார். பாஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைக் கண்டதும், அதன் ரசாயன அமைப்பு தாமிரத்தைப் பற்றிக்கொண்டு வெளியே இழுத்து வருமே என்று தோன்றியது. கெமிஸ்ட்ரி படித்த எவருக்கும் இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். நோயாளிக்குக் கொடுக்குமுன் அவரே அதை விழுங்கிப் பார்த்தார். 1956-ல் முடிவை வெளியிட்டார். அன்றிலிருந்து இது வைத்தியம் உள்ள வியாதி. பெனிசிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகப் பிற்பாடு ட்ரையன்டீன் என்ற மருந்தைக் கொண்டு வந்தவரும் இவரே. மூன்றாவது வழி துத்தநாகம், அதாவது ஜிங்க். தாமிரம் உடம்புக்குள் ஏறாமல் குடலிலேயே பிடித்து வைத்து, மலத்தோடு அனுப்பிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று மருந்தில் எதுவும் பழுதான மரபணுவைச் சரி செய்வதில்லை. கல்லீரல் தினமும் செய்ய வேண்டிய வேலையை மாத்திரை அன்றன்றைக்குச் செய்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குச் சாப்பிட்டது இன்றைய தாமிரத்துக்கு. நாளைய தாமிரம் நாளைக்கு வரும். ஜுரத்துக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு, ஜுரம் விட்டதும் நிறுத்துகிற வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இது மனசில் ஏறுவதே கஷ்டம். எங்கள் பையனுக்கும் ஏறவில்லை.

மூன்று வருஷ மருந்தில் பேச்சு தெளிந்தது, கை நடுக்கம் போயிற்று, ப்ளஸ் டூவில் நல்ல மார்க். வெளியூரில் என்ஜினீயரிங் ஹாஸ்டல். தினம் இரண்டு மூன்று வேளை கேப்சூல் விழுங்குவதைப் பார்த்து அறைத்தோழர்கள் கேட்கிறார்கள். "யாரிடமும் வியாதி பேரைச் சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை என்ன செய்யும்? முதலில் மத்தியான வேளையை விட்டான், பிறகு எல்லாவற்றையும் விட்டான். ஆறேழு மாசம் ஒன்றுமே ஆகவில்லை. லீவில் வந்தபோது என்னிடம், "நான் நன்னாத்தானே இருக்கேன் சின்னத் தாத்தா, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றான். "நீ நன்னா இருக்கறதே அந்த மாத்திரையாலேதாண்டா" என்றேன். தலையை ஆட்டினான். ஏற்கெனவே நிறுத்திவிட்டான் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அடுத்த செமஸ்டரில் குழறல் திரும்பி வந்தது, கூடவே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. திரும்ப மருந்து, இரண்டு வருஷம். நடக்கிறான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான், தன் சம்பாத்தியத்தில் இருக்கிறான். ஆனால் பழைய பேச்சு முழுக்கத் திரும்பவில்லை. டெலிபோனில் புதியவர்களுக்கு அவன் பேசுவது புரியாது. மருந்தைத் திடீரென்று விட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போயிருக்கிறது. அந்த வகையில் இவன் தப்பினான் என்றுதான் டாக்டர் சொன்னார்.

பெனிசிலமைன் சாப்பிடுகிற முறை பற்றி நாலு வார்த்தை. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால், அல்லது இரண்டு மணி பின்னால். சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்தில் கணிசமான பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். நம் அகங்களில் இதற்கு முதல் எதிரி காலைக் காப்பி! எழுந்ததும் டிகாக்ஷன் வாசனை வந்துவிடுகிறது, ஒரு மணி நேரம் பொறுக்க முடிகிறதா? என் அண்ணா அகத்தில், ஐந்தரைக்குக் கேப்சூல், ஆறரைக்குக் காப்பி என்று பையனோடு சேர்ந்து அகம் முழுவதுமே காப்பியைத் தள்ளி வைத்துக்கொண்டது. அதுதான் நல்ல ஏற்பாடு. ஒருவனை மட்டும் காக்க வைத்துவிட்டு மற்றவர்கள் அவன் எதிரே உறிஞ்சிக் குடிப்பது நியாயம் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து, ஜிங்க் எதுவும் பெனிசிலமைனோடு ஒரே நேரத்தில் கூடாது. இடைவெளி எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள். இந்த மருந்து பி6 வைட்டமினைக் குறைத்துவிடும் என்பதால் கூடவே பி6 மாத்திரையும் எழுதித் தருவார்கள். சின்ன மாத்திரைதானே என்று அதை விடக்கூடாது. ஆரம்பத்தில் ரத்தமும் சிறுநீரும் அடிக்கடிப் பரிசோதிக்கச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. ரத்த அணுக்கள் குறையலாம், சிறுநீரில் புரதம் போகலாம். ஜுரம், தடிப்பு, தொண்டை வலி, அங்கங்கே ரத்தம் கட்டுதல் என்று ஏதாவது கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் சிலருக்கு நடுக்கமும் குழறலும் முன்பைவிட அதிகமாகும். அப்போது "இந்த இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். ஏகாதசி உபவாசத்துக்கும் மாத்திரைக்கும் விரோதமில்லை. வெறும் வயிறு அதற்கு உகந்ததுதான். சிராத்த தினத்தில் சாப்பாடு மூன்று மணியாகிறதே என்று மாத்திரையையும் தள்ளிப்போட்டு, கடைசியில் மறந்துபோகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மருந்துக் கடையில் கேப்சூலின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை ஒரு கடைப் பையன், பென்சிலின்தானே என்று ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டினான். பெயர் ஒரே குலம், வேலை வேறு.

இனி பாத்திர விஷயம். இந்த நோயாளிகள் தாமிரம் அதிகமுள்ள முந்திரி, பாதாம், சாக்லேட், காளான் இவற்றைத் தவிர்க்க வேண்டும், முக்கியமாக ஆரம்பத்தில். பெட்டிக்குள் கிடக்கும் செம்புக் குடத்தை எடுத்து ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது இப்போது ஒரு நாகரிகமாக வந்திருக்கிறது. மற்றவர்கள் குடிக்கட்டும், வில்சன் நோயாளிக்கு அது ஆகாது. ஈயம் பூசாத பித்தளையில் வைத்த புளிப்புப் பதார்த்தமும் அப்படியே. சந்தியாவந்தனத்துக்கு என்ன செய்வது என்று அண்ணா கவலைப்பட்டார். வாத்தியார் ஒரு நிமிஷத்தில் தீர்த்து வைத்தார்: "வெள்ளிப் பஞ்சபாத்திரம் வாங்கிக் கொடுங்கோ." ஆனால் பாத்திரத்தை மாற்றிவிட்டோம், பத்தியம் இருக்கிறோம், மாத்திரை வேண்டாம் என்று நினைத்தால் அது தவறு. தாமிரம் அரிசியில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது. பத்தியத்தால் மட்டும் இந்த வியாதியைக் கட்ட முடியாது.

புனேயில் பேசுவதால் ஒரு கிளைக்கதை. கைக்குழந்தைகளுக்கு வயிறு உப்பி ஈரல் கெட்டுப் போகிற வியாதி ஒன்று நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 'ஜம்மி லிவர் க்யூர்' என்ற பெயரைக் கேட்டாலே நம் அம்மாக்கள் பதறுவார்கள். புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் பாவே, பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் டேனரும் சேர்ந்து, பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலை மிகச் சின்ன வயதிலேயே கொடுப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1983-ல் எழுதினார்கள். எவர்சில்வர் வந்தது, அந்த வியாதியும் அருகிப் போயிற்று. அது வெளியிலிருந்து வந்த தாமிரம், வில்சன் நோயில் கோளாறு உள்ளே. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது நமக்கு அசௌகரியமான பகுதி, பரம்பரை. இந்த வியாதி வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணு சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு வியாதி வராது, அவர் சுமப்பவர் மட்டுமே. பொதுஜனங்களில் சுமார் 90 பேரில் ஒருவர் இப்படிச் சுமக்கிறார். சுமக்கிற ஒருவர் அன்னியத்தில் கல்யாணம் செய்துகொண்டால், துணைவரும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு 90-ல் ஒன்று. மாமா பெண்ணையோ அத்தை பெண்ணையோ செய்துகொண்டால், அதே பழுது அவளிடமும் இருக்கும் வாய்ப்பு 8-ல் ஒன்று. சொந்த அக்கா பெண்ணை என்றால் 4-ல் ஒன்று. பென்சிலும் காகிதமும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். கோத்திரம் வேறுதானே என்பார்கள். மாமா பெண்ணின் கோத்திரம் வேறுதான். அவளுடைய தாத்தாவும் உங்கள் தாத்தாவும் ஒருவரே ஆயிற்றே! என் அண்ணா பிள்ளை கல்யாணம் செய்துகொண்டது என் அக்காவின் பெண்ணை. குடும்பமே ஆசைப்பட்டுச் செய்த சம்பந்தம். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போது தெரிந்த பிறகு, எனக்கே அது இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு என்று கணக்கு வந்தது. என் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பதிகள் இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4-ல் ஒரு வாய்ப்பு. ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு என்று தெரிந்தால், கூடப் பிறந்தவர்கள் அனைவரையும், எவ்வளவு புஷ்டியாக ஓடி விளையாடினாலும், பரிசோதித்தே ஆக வேண்டும். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். எங்கள் பையனின் தங்கைக்கு அப்போது 9 வயது. ஒரு தும்மல்கூடக் கிடையாது. "அவளை எதுக்குக் குத்திப் பார்க்கணும், பொண் குழந்தை" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். டாக்டர் பிடிவாதம் பிடித்தார். பார்த்தால் அவளுக்கும் இருந்தது. அன்றிலிருந்து ஜிங்க், சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் தினம் மூன்று வேளை. முதல் வருஷம் குமட்டுகிறது என்று அழுதாள், பழகிப்போயிற்று. இன்றைக்கு வரை அவளுக்கு இந்த வியாதியின் ஒரு அறிகுறிகூட வந்ததில்லை. ஒரே அப்பா அம்மா, ஒரே வியாதி. அண்ணனுக்குக் குழறல் வந்த பிறகு மருந்து, தங்கைக்கு வருமுன்.

அவளுக்கு வரன் பார்க்கும்போது அகத்தில் பெரிய விவாதம். சொன்னால் யார் வருவார்கள், கல்யாணத்துக்கு அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியில் அண்ணாவே இருந்தார். நான் ஒன்று கேட்டேன்: புக்ககத்தில் தினம் மூன்று வேளை ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட முடியுமா? கூட்டுக் குடித்தனத்தில் இது நடக்கிற காரியமா? ஹாஸ்டலில் ஒளிக்கப் போய்த்தானே அவன் இந்த நிலைக்கு வந்தான்? அவளே முடிவு பண்ணிவிட்டாள். ஜாதகப் பரிவர்த்தனை முடிந்து முதல் தடவை பேசும்போதே பையனிடம் சொன்னாள். இரண்டு இடம் மௌனமாகப் பின்வாங்கியது. மூன்றாவது இடத்துப் பையன், கேட்டுவிட்டு, தனக்கும் அந்த மரபணுவைப் பரிசோதித்துக்கொண்டான். பழுது எதுவும் தென்படவில்லை. பிறக்கும் குழந்தை சுமக்குமே தவிர வியாதி வருவது அரிது என்று டாக்டர் சொன்னார். 2021-ல் கல்யாணம், 2023-ல் பெண் குழந்தை. கர்ப்ப காலத்திலும் மருந்தை நிறுத்தக்கூடாது என்பதை மாமியார்தான் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார். கர்ப்பத்தின்போது தேவைப்பட்டால் அளவை டாக்டர் மாற்றுவார், நிறுத்த மாட்டார். "பிள்ளைத்தாச்சி, மருந்து எதற்கு" என்று நாமாக நிறுத்தினால் தாய்க்கே ஆபத்து.

மருந்து கிடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெனிசிலமைனும் ஜிங்கும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலைதான். அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2015-ல் இதே பெனிசிலமைனை 100 கேப்சூல் 26,000 டாலருக்கு மேல் என்று ஏற்றி வைத்து, மறு வருஷம் செனட் விசாரணை வரை போயிற்று. வெளிநாடு போகும் பிள்ளைகள், அங்கே இன்ஷூரன்ஸ் எப்படி, எந்த மருந்துக்குச் செல்லும் என்று போவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்வது நல்லது.

இங்கே பிரச்சினை விலை அல்ல, ஸ்டாக். சின்ன ஊர்களில் வாங்குகிறவர் ஒருவரோ இருவரோ; கடைக்காரர் வாங்கி வைக்க மாட்டார். எப்போதும் இரண்டு மாசத்து மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். ரயிலில் போகும்போது பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், சீட்டின் நகலும் கூட இருக்கட்டும். மருந்து தீர்ந்து, ஊரில் கிடைக்காவிட்டால், வரும்வரை பார்க்கலாம் என்று சும்மா இருக்கக்கூடாது. அன்றே டாக்டருக்கு டெலிபோன் செய்து, அதுவரை வேறு எதைச் சாப்பிடலாம் என்று கேட்க வேண்டும். நம் சங்கத்துக்கு நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கல்யாணச் சத்திரமும் சமையல்காரரும் எங்கே கிடைப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் விசாரிக்கிறோமே, டாக்டர் சீட்டின் நகலை அனுப்பி, ஒரு மாசத்து கேப்சூல் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்பதில் என்ன வெட்கம்? 2012-ல் ஒரு தடவை எங்கள் பையனுக்கான மருந்து அப்படித்தான் ஹைதராபாத்திலிருந்து, நான் அதுவரை முகம்கூடப் பார்த்திராத ஓர் உறுப்பினரின் கையில் வந்து சேர்ந்தது.

நேரமாகிவிட்டது, சமையல் கட்டிலிருந்து செயலாளருக்கு ஜாடை வருவது எனக்கும் தெரிகிறது. கண் வளையப் பரிசோதனை, செரூலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீர்த் தாமிரம் இந்த மூன்றையும் தெளிவாக ஒரு தாளில் எழுதி, ஐம்பது நகல் எடுத்துப் பின்வரிசை மேஜையில் வைத்திருக்கிறேன். உறவில் யாருக்காவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் கல்லீரல் கெட்டுப் போயிருந்தாலோ, கை கால் நடுக்கமோ குழறலோ வந்திருந்தாலோ, ஒன்றை எடுத்துப் போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வரலாம். ரயில் மாலை ஏழு மணிக்குத்தான்.